விளக்கு சொல்லும் சேதி

தொப்பம்பட்டியிலிருந்து பழனிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை டிரைவரைச் சற்றுக் கவனியுங்கள். முள் எதையும் அவர் பார்ப்பதில்லை. எஞ்சினின் குரல் உயர்ந்ததும் கை தானாகக் கியரை மாற்றிவிடும்!

கோயமுத்தூர் செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறந்த 'கரி' பந்தயப் பாதையில் அந்தக் காது வித்தை பலிக்காது, ஸ்வாமி! தலையில் ஹெல்மெட், சுற்றிலும் மற்றக் கார்களின் இரைச்சல். தன் எஞ்சினின் குரல் எது என்றே புரியாது. குனிந்து முள்ளைப் பார்க்கலாமென்றால், மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே விநாடியில் கார் 40 மீட்டர் பாய்ந்துவிடும்.

அதற்காகத்தான் ஓட்டுகிறவரின் கண்ணெதிரே சின்னஞ்சிறு விளக்குகளை வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் சுழற்சி எல்லையை நெருங்க நெருங்க அவை ஒவ்வொன்றாக எரியும். எல்லாம் எரிந்தால், 'மேல் கியருக்கு மாற்று' என்று அர்த்தம். பாதையிலிருந்து பார்வையை எடுக்க வேண்டியதில்லை.

ஆனால், அவசரத்தில் கை தவறிக் கீழ் கியர் விழுந்துவிட்டதோ, சக்கரங்களே எஞ்சினை எல்லை மீறிச் சுழற்றி நொறுக்கிவிடும். விளக்கு அப்போதும் எரியும், காப்பாற்றத்தான் முடியாது. அந்தச் சமயத்துக்கு வேண்டியது நம் பழனி பஸ் டிரைவரின் நிதானமான கை!