உணர்கொம்பில் 13 கணுவா, 14 கணுவா?

மழை விட்ட ராத்திரியில் ட்யூப்லைட்டைச் சுற்றி, கொசுவைவிடப் பல மடங்கு பெரிசாக ஒன்று தட்டுத்தடுமாறிப் பறக்குமே, பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் அதைக் கண்டதும் கொசு பேட்டைத் தேடுவார்கள். "இத்தாம் பெரிய கொசு கடிச்சா என்ன காய்ச்சல் வருமோ" என்பது அத்தையின் கவலை. பாவம், அது கொசுவே இல்லை. பெயர் கிரேன் ஃப்ளை. கொக்கு மாதிரி நெடுங்கால் உள்ள ஈ. ரத்தம் உறிஞ்சும் ஊசி அதன் வாயில் கிடையாது. பிடித்தால் கால்தான் கழன்று கையோடு வரும்.

கொசுவிடமிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். இந்த ஈக்களுக்குள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. பிரித்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? அதை இங்கிலாந்துக்காரர்களிடம் கேட்க வேண்டும்.

அங்கே இதன் புழுவுக்கு 'லெதர் ஜாக்கெட்' என்று பெயர். தோல் அவ்வளவு தடிப்பு. மண்ணுக்குள் இருந்துகொண்டு புல்லின் வேரைத் தின்னும். 1935-ல் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தையே இந்தப் புழுக்கள் சொட்டையாக்கிவிட்டன. அந்த மண்ணில் பந்து தாறுமாறாகத் திரும்ப, தென்னாப்பிரிக்காவின் பாலஸ்காஸ் 9 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்கா ஜெயித்த முதல் டெஸ்ட் அதுதான். புழுவுக்கும் ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்!

புல்வெளிக்காரர்களைப் பாடாய்ப்படுத்துவதில் முக்கியமானவை இரண்டு: டிப்யூலா ஒலரேசியா, டிப்யூலா பலுடோசா. இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் பழுப்பு. ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல. ஒலரேசியாவுக்கு லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். பலுடோசாவுக்குத் தனிப் பெயர் கிடைத்தது 1830-ல். இடையில் 72 வருஷம்!

பெண் ஈ என்றால் இறக்கையைப் பாருங்கள். ஒலரேசியாவுக்கு அது வயிற்றைத் தாண்டி நீளும். பலுடோசாவுக்கு வயிற்றின் நுனியைத் தொடாது. குட்டைச் சட்டை போட்ட மாதிரி இருக்கும். முட்டை நிறைந்த பலுடோசாவால் சரியாகப் பறக்கவும் முடியாது. ஆணிடம் இந்த இறக்கைக் கணக்கு எடுபடாது. லென்ஸை எடுத்துக்கொண்டு உணர்கொம்பின் கணுக்களை எண்ண வேண்டும். 13 என்றால் ஒலரேசியா, 14 என்றால் பலுடோசா. இன்னொரு வழி, தலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் இடைவெளி குறுகலாக இருந்தால் ஒலரேசியா, அகலமாக இருந்தால் பலுடோசா.

ஒரு கணுவுக்கு இவ்வளவு பாடா? ஆமாம். பலுடோசா வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பறந்து முட்டையிடும். ஒலரேசியா வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலம் நெருங்கும்போது இன்னொரு முறை என இரண்டு தடவை வரும். பலுடோசா என்று நினைத்து வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் உஷாராக இருந்தவர், வசந்தத்து முட்டைகளைக் கோட்டைவிடுவார். புழுவைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1960-களிலேயே பலுடோசா பிடிபட்டுவிட்டது. ஒலரேசியாவும் அங்கே இருப்பது 1998-ல்தான் தெரியவந்தது.

இரண்டைப் பிரிக்கவே இந்தப் பாடு. அமெரிக்காவின் சார்லஸ் அலெக்சாண்டர், மனைவி மேபல் துணையோடு வாழ்நாளில் 11,000-க்கும் மேற்பட்ட கிரேன் ஃப்ளை இனங்களை விவரித்துப் பெயர் வைத்தார்! நம்ம பக்கத்து ஈக்களும் அவர் மேஜைக்குப் போயின. காரைக்கால் பகுதியில் குரும்பகரத்தைச் சேர்ந்த பூச்சி சேகரிப்பாளர் சூசைநாதன், தென்னிந்தியாவில் பிடித்தவற்றை அவருக்கு அனுப்பிவைத்தார். கிரேன் ஃப்ளைகளைக் காகித உறையில் மடித்து வைப்பது சேகரிப்பாளர்கள் வழக்கம். கால் கழன்றாலும் உறைக்குள்ளேயே கிடக்கும், எந்தக் கால் எந்த ஈயுடையது என்று தேட வேண்டாம்.