நெய்தவர் பெயர்
ஆரணியில் தறிமுன் அமர்ந்து, அறுந்த பாவிழையைப் பிணைத்து, பல நாள் உழைத்து ஒருவர் பட்டுப்புடவை நெய்கிறார். புவிசார் குறியீடு பெற்ற அப்பட்டு ஊரின் பெயரைத் தாங்கிச் செல்கிறது. நெய்தவர் பெயரை அன்று.

சிறுகதைக்கு அக்குறை இல்லை. ஆசிரியர் பெயர் அச்சிலேயே உள்ளது, நாம்தாம் மறக்கிறோம். விண்மீன்கள் அணைந்தபின் மீண்டும் ஒளி பிறக்குமா என மனிதர் தலைமுறைதோறும் கணினியிடம் கேட்பதாக, 1956இல் 'கடைசிக் கேள்வி' என்னும் அறிவியல் சிறுகதையை எழுதினார் ஐசக் அசிமோவ். கதையை மட்டும் நினைவில் கொண்ட வாசகர்கள், அதை எழுதியவர் அவர்தாமா என்று அவரிடமே வினவினர்.

தமிழிலோ, அறிவியல் கதை என்றாலே சுஜாதா எழுதியது என முடிவுகட்டிவிடுகிறோம். ரங்கராஜன் (1935–2008) என்னும் இயற்பெயர் கொண்ட அவர், அதே பெயருடைய மற்றோர் எழுத்தாளரோடு குழப்பம் நேராதிருக்கவே மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். அத்தகையவர்மீது பிறர் கதைகளை ஏற்றுவது அவருக்குச் சிறப்பன்று, எழுதியவர்க்கோ இழப்பு.

"கதை நன்றாயிருந்தால் போதாதா? பெயர் எதற்கு?" எனச் சிலர் வினவலாம். பெயரை அறிந்தாலன்றோ அவரது அடுத்த கதையைத் தேட இயலும்! உழைப்பின் கூலி செலவாகிவிடும். படைத்தவர்க்கு எஞ்சுவது பெயரே.

ஆகவே, கதையொன்றைப் பிறரிடம் பகிருமுன் அது வெளிவந்த தொகுப்பையும் ஆண்டையும் பாருங்கள். அறிய இயலாவிடின், 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். பிழையான பெயரை இடுவதினும் அவ்வெற்றிடம் நேர்மையானது. தேடுவோர்க்கு வழியும் விடுவது.