அப்பாவுக்கு நான் போட்ட மூன்று கண்ணாடி

ஓமலூரில் கண்ணாடிக் கடை வைத்து 31 வருடம் ஆகிறது. தறிக்காரர், வெல்லம் காய்ச்சுகிறவர், கொலுசுப் பட்டறைக்காரர் என்று இந்தப் பக்கத்துப் பிழைப்பு எல்லாமே கண்ணை நம்பிய பிழைப்பு. ஒரு ஆள் கடைப்படி ஏறி வருவதைப் பார்த்தே என்ன பவர் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசியவன் நான். அந்தப் பெருமையை அழித்தவர் என் அப்பா.

அப்பா தாரமங்கலம் பக்கம் குழித்தறியில் 40 வருடம் உட்கார்ந்தவர். 68 வயதில் ஒருநாள், "கீழ ஒண்ணும் தெரியலப்பா" என்றார். கோடு போட்ட பைஃபோகல் கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தேன். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு. மூன்று மாதத்தில் மறுபடியும் அதே பேச்சு. கீழ்ப்பாதியில் பவரைக் கொஞ்சம் கூட்டி இரண்டாவது கண்ணாடி. பிறகு ஒரு முகாமில் புரை என்றார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது. இந்த முறை போர்டின் கடைசி வரி வரை படித்துக் காட்டினார். எனக்கு வெற்றி.

ஆனால் சாப்பிட்டு எழுந்தால், தட்டில் அவர் பக்கம் இருந்த சோறு தொடாமல் கிடக்கும். வாசற்படி இறங்கும்போது காலால் துழாவுவார். ஒரு வருடத்துக்குள் நான்கு முறை மல்லாக்க விழுந்தார். தடுக்கி முன்னால் விழவில்லை. நின்ற வாக்கில் மரம் சாய்வதுபோல் பின்னால் சாய்ந்தார். பேச்சும் மாறிப்போனது. "சோறு போடட்டுங்களா?" என்று அம்மா கேட்டால், பதில் வருவதற்குள் அம்மா அடுப்படிக்கே போயிருப்பார். வரும் பதில் சரியாகத்தான் இருக்கும், வரத்தான் நேரமாகும். வயசாச்சு, தள்ளாமை என்றது ஊர். நானும் அதையேதான் சொன்னேன்.

கடைசியில் சேலத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். ஸ்கேனுக்கு எழுதும் முன் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இடம் வலமாக அசைத்தார். அப்பாவின் கண் கூடவே போனது. கீழே இறக்கினார், கண் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு, "ஐயா, என் மூக்கையே பாருங்க" என்று சொல்லி, அப்பாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அண்ணாக்க வைத்தார். அதுவரை இறங்க மறுத்த கண்மணிகள் தாமாகக் கீழே இறங்கின. "பாத்தீங்களா? கண்ணுல குறை இல்லைங்க. கண்ணுக்கு உத்தரவு போடுற இடத்துல குறை" என்றார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நோயின் பெயர் புரோக்ரெசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பி.எஸ்.பி. 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்செவ்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள் கனடாவிலிருந்து விவரித்து எழுதியது. நம் கண் ஒரு காட்சியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. நொடிக்கு மூன்று முறை போலத் தாவித் தாவிப் போகிறது. மேல் கீழ் தாவலுக்கு உத்தரவு நடுமூளையிலிருந்து வருகிறது. இடம் வலத்துக்கு, அதற்குச் சற்றுக் கீழே பான்ஸ் என்ற பகுதியிலிருந்து. மூளைச் செல்களில் டாவ் என்ற புரதம் திரண்டு சேரும் இந்த நோய், நடுமூளையை ஆரம்பத்திலேயே பிடிக்கிறது. அதனால்தான் தறியில் இடம் வலமாக ஓடும் நாடாவை அப்பாவின் கண் விடவில்லை; மடிக்கு நேரே சுற்றிக்கொள்ளும் துணியை விட்டுவிட்டது. கோடு போட்ட கண்ணாடியின் கீழ்ப்பாதி உதவ வேண்டுமானால் முதலில் கண் கீழே இறங்க வேண்டும். இறங்காத கண்ணுக்கு மூன்று முறை கீழே பவர் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கண் அசைவை வைத்து மூளையைப் படிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பம்பாயில் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, ஸ்வாமி என்பவரோடு சேர்ந்து, நடை தள்ளாடும் ஒரு பரம்பரை நோயில் கண்ணின் தாவல் விசித்திரமாக மெதுவாகிவிடுவதைக் கவனித்தார். ஒன்பது குடும்பங்களைப் பார்த்து 1971இல் எழுதினார்கள். அந்த வகை நோய்க்குக் காரணமான மரபணு பிடிபட்டது 1996இல். 25 வருடம் முந்திக்கொண்டது மருத்துவரின் கூர்ந்த பார்வை.

வேறு மூளை நோய்களும் கண்ணின் தாவலில் தெரியும். பார்க்கின்சன் நோயாளியின் கண், பார்க்க வேண்டிய இடத்துக்கு ஒரே தாவலில் போய்ச் சேராது. குறையாகத் தாவி, மிச்சத்தைச் சின்னச் சின்ன எட்டாகக் கடக்கும். அல்சைமருக்கு வேறு சோதனை. ஒரு பக்கம் விளக்கு எரிந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கச் சொல்வார்கள். நாமும் சில முறை விளக்கைப் பார்த்துவிடுவோம், உடனே திருத்திக்கொள்வோம். அல்சைமர் உள்ளவர்கள் அதிகம் தவறுவார்கள். பல முறை திருத்திக்கொள்ளாமலே விட்டுவிடுவார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஞாபகசக்தியை அளக்க உலகம் முழுக்கப் பழகிய எம்.எம்.எஸ்.இ. என்ற கேள்வித்தாள் 1975இல் அமெரிக்காவில் வந்தது. இன்றைக்குத் தேதி என்ன, நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்று கேட்கும். என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருக்கு நாள் என்றால் சந்தை, அமாவாசை, கிருத்திகை. அந்தத் தாளை அவரிடம் நீட்டினால் மூளை நன்றாக இருக்கும்போதே தோற்பார். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் அதிகம். எழுத்தோடு பழக்கம் குறைந்த கூட்டமும் அதுதான். பேனாவைப் பின்தொடர எழுத்து வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே ஒரு பயமும் இருக்கிறது. செல்போன் கேமராவில் கண்ணைக் காட்டு, மறதி நோய் வருமா என்று சொல்கிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். இலவச மூளைச் சோதனை என்று பேனர் கட்ட என் தொழில்காரர்களே முந்துவார்கள். கண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வயதானாலே தாவல் தாமதமாகும். அண்ணாந்து பார்ப்பது நோயில்லாத முதியவருக்கும் குறையும். தூக்க மாத்திரையும் கண்ணை மந்தமாக்கும். சந்தேகப்பட்டு அனுப்பி வைப்பது மட்டுமே எங்களைப் போன்றவர்களின் வேலை.

குணமாக்க மருந்தில்லாத நோயைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். தெரிந்த அன்றே எங்கள் வீட்டில் நான்கு காரியம் நடந்தது. பைஃபோகலைக் கழற்றிவிட்டுத் தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று தனித்தனிக் கண்ணாடி. தட்டைத் தரையிலிருந்து எடுத்து, மேசையில் பலகை போட்டுக் கண்ணுக்கு நேராக வைத்தோம். வாசற்படிக்குக் கைப்பிடி. நான்காவது, பதிலுக்குக் காத்திருக்க அம்மா பழகிக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பா ஐந்து வருடம் இருந்தார். தட்டில் சோறு மிச்சம் வைக்கவில்லை.

அரசுக்கு நான் கேட்பது பெரிய செலவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுப்படி ஏறும் அந்தத் திட்டத்துப் பெண்களுக்கு நான்கு கேள்வி சொல்லிக்கொடுங்கள். மல்லாக்க விழுந்தாரா? தட்டில் தன் பக்கத்துச் சோற்றை விடுகிறாரா? படி இறங்கத் தடுமாறுகிறாரா? கண்ணாடி மாற்றியும் குறை தீரவில்லையா? கூடவே ஒரு பேனா: இடம், வலம், மேல், கீழ். கண் முகாம்களில் எழுத்துப் போர்டுக்குப் பக்கத்திலும் அந்தப் பேனா இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்கு ஒரு சீட்டு.

என் மேசையில் இப்போது சிவப்பு மூடிப் பேனா ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. 60 தாண்டியவர் யார் வந்தாலும் பவர் எழுதுவதற்கு முன் அதை எடுப்பேன். இதுவரை இரண்டு பேரைச் சேலத்துக்கு அனுப்பினேன். ஒருவர் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார், சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். இன்னொருவர் காடையாம்பட்டிப் பக்கத்து ஆயா. கீழே பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, நல்ல கண்ணாடியாகக் கொடு சாமி என்று காசை முடிந்துகொண்டு வந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு நான் கண்ணாடி விற்கவில்லை.