வந்துபோகிறவர் எவர்?

யாழ்ப்பாணம் வாழ உகந்த நகரமா என்பதைப் புதியதோர் அளவுகோல் கொண்டு அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வேலை லண்டனில் இருக்கும், அல்லது சிங்கப்பூரில், கொழும்பில் இருக்கும். ஆள் மட்டும் மடிக்கணனியோடு தனக்குப் பிடித்த ஊரில் குந்தியிருந்து அந்த வேலையைச் செய்வார். தொலைவிலிருந்து பணிபுரிவோர் என்று இவர்களுக்குப் பெயர். இவர்கள் ஒரு நகரத்திடம் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. இணையம் வேகமாக இருக்கிறதா? மின்வெட்டு உண்டா? அறை வாடகை எவ்வளவு? தண்ணீர் குடிக்கலாமா? இரவில் தனியே நடக்கலாமா?

இந்தக் கேள்விகளுக்கு யாழ்ப்பாணம் பரவாயில்லாத புள்ளிகளை வாங்கிவிடும். 2014 ஒக்டோபரில் ரயில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. கணனித் துறையில் நம் பிள்ளைகளின் திறமையும் குறைந்ததல்ல. இவற்றில் எதையும் நான் வெறுக்கவில்லை. ஊர் வளர்ந்தால் சந்தோஷம். என் வழக்கு அந்த அளவுகோலோடு மட்டும்தான். அது வந்துபோகிறவரின் வசதியை அளக்கிறது. தங்க விரும்புகிறவரை ஒரு நகரம் எப்படி நடத்துகிறது என்பதை அது அளப்பதேயில்லை.

பழைய கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் ‘இன்னும் அதையா கதைக்கிறீர்கள்’ என்று சிலருக்கு முகம் சுளிக்கும். பரவாயில்லை.

1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணம் ஒரு தலைநகராக இருந்தது. எந்த நாட்டாலும் அங்கீகரிக்கப்படாத, ஆனால் ஓர் அரசுக்குரிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருந்த தலைநகரம். 1991இல் விடுதலைப் புலிகள் தமக்கெனக் காவல்துறையை அமைத்தார்கள். பின்னர் நீதிமன்றங்கள் வந்தன. 1994இல் வைப்பகம் வந்தது. அதே காலத்தில் கொழும்பு அரசு மின்சாரத்தை நிறுத்தி, மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்டதொரு பட்டியலுக்குத் தடை போட்டது. தொலைபேசி கிடையாது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தார்கள்; சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். குடாநாட்டைவிட்டு வெளியேற வேண்டுமானால் புலிகளிடம் பாஸ் எடுக்கவேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு இங்கே ஒருவர் பிணை நிற்கவேண்டும். பாஸ் கிடைத்தாலும் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடக்கவேண்டும்; கடற்படை சுடும். 1995 இறுதியில் இராணுவம் நகரைப் பிடித்தது. அதன்பிறகு வெளியே போக இராணுவத்திடம் அனுமதி எடுக்கவேண்டி வந்தது. பாஸ் கொடுக்கிறவர் மாறினாரே தவிர, பாஸ் போகவில்லை.

அந்தத் தலைநகரைப் பற்றி இப்போதும் ஒரு புகழ்மொழி உண்டு. ‘அந்தக் காலத்தில் களவில்லை, இரவு பன்னிரண்டு மணிக்கும் பெண்பிள்ளை நகை போட்டுக்கொண்டு தனியே போகலாம்.’ வாழ உகந்ததா என்ற கேள்வியில் பாதுகாப்புக்குத் தனியான புள்ளி உண்டல்லவா? அந்தப் புள்ளியை முழுதாகக் கொடுத்துவிடுகிறார்கள். நான் கேட்பது இதுதான்: அந்தப் பன்னிரண்டு மணித் தெருவில் எங்கள் பெண்பிள்ளைகள் ஏன் இல்லை?

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் முதலில் சாவகச்சேரி முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரம். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகிலுள்ள ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். இரண்டு மணித்தியால அவகாசம். வீட்டுச் சாவி, காணி உறுதி, காதுத் தோடு, கடைச் சரக்கு எல்லாம் அங்கேயே நின்றன. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமாகச் சுமார் 75,000 பேர். அடுத்த ஐந்து ஆண்டுகளும் அந்த நகரம் களவில்லாத நகரமாக இருந்ததென்று எவராவது சொன்னால், சோனகதெருவின் கதவுகளும் யன்னல்களும் எங்கே போயின என்று கேட்கவேண்டியிருக்கிறது.

நியாயம் நியாயமாகவே இருக்கவேண்டும். 1995இல் அதே ஒக்டோபர் 30 அன்று, சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கில் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்தத் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொழும்பும் தமிழருக்குத் திறந்த நகரமாக இருந்ததில்லை. பொலிஸ் பதிவு இல்லாமல் அறை எடுக்க முடியாத காலம் இருந்தது. 2007 ஜூன் 7 அதிகாலை லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் அதிகமான தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அன்று அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன? ‘கொழும்பில் உனக்கு என்ன வேலை? நீ இந்த ஊரில் நிரந்தரமாக இருக்கிறவனா, வந்துபோகிறவனா?’ அந்தக் கேள்வியின் அவமானம் யாழ்ப்பாணத்தாருக்கு நன்றாகத் தெரியும். அதே கேள்வியை அவர்கள் மண்ணில் முஸ்லிமிடம் கேட்கும்போது மட்டும் அது ஏன் நிர்வாக நடைமுறையாகிவிடுகிறது?

மீள்குடியேற்றத்தின் சங்கதி இதுதான். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் ஒப்பமிட்டார்கள். 2009க்குப் பிறகு வீதி திறந்தது. எங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கூரையில்லாத சுவர், சுவருக்குள் மரம். 1990இல் ஒரு குடும்பமாகப் போனது இருபது ஆண்டில் நான்கு குடும்பமாகியிருந்தது. காணி மட்டும் அதே அளவு. பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கிறார்கள், கடை அங்கே இருக்கிறது, கடனும் அங்கே இருக்கிறது. ஆகவே தகப்பன் ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று அலைந்தார். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது வந்த பதில் பலருக்கும் ஒன்றுதான்: ‘நீங்கள் நிரந்தரமாக இங்கே வசிக்கவில்லை. வந்துபோகிறீர்கள்.’ வசிப்பதற்கு வீடு வேண்டும். வீடு கிடைப்பதற்கு வசித்துக் காட்டவேண்டும். இந்த வளையத்துக்குள் எத்தனை முதியவர்கள் சுற்றிச்சுற்றி மௌத்தாகிப் போனார்கள்! நானும் இந்தப் பதிலை ஒரு காரியாலயத்தின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு ஆட்களைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறார். ஆண்டில் மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் இருப்பார். அவரை நகரம் வரவேற்கிறது. அவருக்கு அறைகளும் கோப்பிக் கடைகளும் தயாராகின்றன. மற்றவர் புத்தளத்தில் உழைத்து, ஆண்டில் ஆறு மாதம் யாழ்ப்பாணத்தில் உம்மாவின் காணியில் தகரக் கொட்டிலில் இருப்பார். அவரும் தொலைவிலிருந்து பணிபுரிகிறவர்தான். அவர் கையில் மடிக்கணனி இல்லை. துணிக்கட்டோ இரும்புச் சாமான் பற்றுச்சீட்டோ இருக்கிறது. முன்னவருக்குப் பெயர் நவீன வாழ்க்கைமுறை. பின்னவருக்குப் பெயர் பொய்ப் பதிவு.

‘நாங்கள் எல்லோருக்கும் ஒரே விதிதான்’ என்று சொல்வார்கள். அது உண்மையல்ல. யாழ்ப்பாணத்தைப்போல் தூரத்தில் உழைத்துக் கட்டப்பட்ட ஊர் இலங்கையில் வேறில்லை. மலாயா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர்களின் மணியோடரில் எழுந்த கல்வீடுகள் எத்தனை! அவர்கள் ஓய்வூதியத்தோடு திரும்பியபோது மலாயன் பென்சனியர் என்று மரியாதையாக அழைத்தார்கள். ஏன் ஊரில் இருக்கவில்லை என்று எவரும் கேட்கவில்லை. 1956இல் யாழ்தேவி ஓடத்தொடங்கியது. கொழும்பில் லிகிதராக இருந்தவர் விடுமுறைக்கு அதில் ஏறி ஊருக்கு வந்து, வேலி அடைத்து, கோயில் திருவிழாப் பார்த்துத் திரும்பினார். அவர் யாழ்ப்பாணத்தாரில்லையா? இன்று கனடாவிலும் லண்டனிலும் இருப்போரின் பூட்டிய வீடுகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர் ஊர்க்காரர் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. இல்லாதவரையும் தன்னவராக எண்ணும் அழகான பழக்கம் இந்த ஊருக்கு இருக்கிறது. அது எங்களில் வந்து முடிந்துபோகிறது.

எங்களுக்கும் அதே மரபு உண்டு. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமானவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். கல்முனையிலும் கொழும்பிலும் பணியாற்றினார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தார். உழைப்பு முழுவதும் வெளியூரில். அவரை யாழ்ப்பாணத்தாரில்லை என்று சொல்லத் துணிகிற அலுவலர் எவரும் இருக்கிறாரா?

சட்டம் எதுவும் செய்யவில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். பத்து ஆண்டு ஆட்சியிருந்தால் காணி ஆட்சிசெய்தவருக்கே என்ற விதி இடம்பெயர்ந்தோரின் கழுத்தை நெரித்தது. 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்தது. ஆனால் வழக்குப் போட இரண்டே ஆண்டுகள் தந்தது. உறுதி தொலைந்து, பதிவேடு எரிந்து, சட்டத்தரணிக்குக் காசில்லாமல் இருந்த விதவைக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் செய்தி போய்ச் சேரவே நேரம் போதவில்லை. இடம்பெயர்ந்தோரின் வாக்காளர் பதிவுக்கென 2017இலும் ஒரு விசேட சட்டம் வந்தது. இரண்டு ஊரில் வாழ நேர்ந்தவர் இருக்கிறார் என்பதைச் சட்டப் புத்தகம் ஓரளவு ஒத்துக்கொண்டுவிட்டது. பிரதேச செயலக மேசை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. ‘முஸ்லிம்கள் வீடு எடுத்துவிட்டு வாடகைக்கு விட்டுப் புத்தளம் போய்விடுகிறார்கள்.’ அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மறைக்கத் தேவையில்லை. ஆனால் வாடகைக்கு விடுவது குற்றமென்றால், நகரத்தில் பாதி வீடுகள் குற்றவாளிகளுடையவை. மேலும், ஏன் போனார்கள் என்று கேட்கவேண்டாமா? சந்தைக்குள் கடையிடம் இல்லை. மூத்த பெண்பிள்ளைக்கு வரன் புத்தளத்தில்தான் இருக்கிறது. மழை பெய்தால் பொம்மைவெளிப் பள்ளக் காணிகளில் தண்ணீர் நிற்கிறது. தங்கச் சொல்லிக்கொண்டே தங்கமுடியாமல் செய்துவிட்டு, தங்கவில்லை என்று குறை சொல்வது என்ன நீதி?

நம்மவருக்கும் ஒரு வார்த்தை. ‘இனி எங்கிருந்தும் வேலை செய்யலாம், யாழ்ப்பாணம் எதற்கு? புத்தளமே ஊர்’ என்று நம் இளைஞர் சிலர் சொல்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டில் பிறந்து வளர்ந்த ஊரை ஊரென்று சொல்வதில் தவறில்லை. ஆனால் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்தும் செய்யலாம் என்பதும் அதில் அடக்கம். 1981இல் அந்த மாவட்டத்தில் நாம் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தோம். 2012 குடிசன மதிப்பீட்டில் இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டினோம். உரிமையை வைத்துக்கொண்டு போகாமலிருப்பது ஒருவரின் தெரிவு. உரிமையே வேண்டாமென்று எழுதிக் கொடுப்பது வெளியேற்றியவரின் வேலையை நாமே முடித்துக் கொடுப்பதாகும்.

இணையம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. 2018 மார்ச்சில் திகனையில் நம் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தபோது சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் முடக்கியது. தொலைவிலிருந்து பணிபுரிகிறவருக்கு அது ஓரிரு நாள் வேலைத் தடங்கல். பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். தன் தெருவில் என்ன நடக்கிறதென்று அறியமுடியாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவருக்கு அடுத்த நாடு இல்லை. ஒரே முடக்கம்தான். ஆனால் இரண்டு பேரும் வாழ்ந்தது வேறு வேறு நகரத்தில்.

ஆகவே யாழ்ப்பாணத்தை அளக்க வருகிறவர்கள் தங்கள் பட்டியலில் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். இந்த நகரத்திலிருந்து துரத்தப்பட்டவருக்கு இங்கே கதவு திறந்திருக்கிறதா? இரண்டு ஊரில் வாழ நேர்ந்தவரின் பெயர் இரண்டு ஊரிலும் மரியாதையோடு எழுதப்படுகிறதா? அரச காரியாலயங்களிடம் நான் கேட்பதும் பெரிதல்ல. மலாயன் பென்சனியருக்கும், கொழும்பு லிகிதருக்கும், கனடாக்காரருக்கும் எந்த அளவுகோலோ, அதே அளவுகோல் சோனகதெருக்காரருக்கும். வீட்டுத்திட்டத்துக்குத் தகுதி 1990இல் எங்கே இருந்தார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படட்டும். சென்ற மாதம் எத்தனை இரவு படுத்தார் என்பதைக் கொண்டல்ல. இது நடக்கும்வரை, இணையம் எவ்வளவு வேகமாக ஓடினாலும், வாழ உகந்த நகரம் என்ற சான்றிதழை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்க நான் ஒப்பமிடமாட்டேன்.