எலெக்ட்ரீசியன் ஏன் பெயின்ட் அடிக்கிறார்?

தென்மாவட்டத்து மறுவாழ்வு முகாம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி இந்த வாரம் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் எலெக்ட்ரீசியன் படித்துத் தேறியவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரவு பஸ் பிடித்துப் போயிருக்கிறார். ஒரு பேனல் போர்டைக் கொடுத்து வயரிங் செய்யச் சொன்னார்கள். செய்து காட்டினார். சூப்பர்வைசருக்குப் பரம திருப்தி. அதற்குப் பிறகுதான் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள். நாட்டுரிமை என்ற கட்டத்தில் 'இலங்கைத் தமிழர், முகாம்' என்று எழுதியிருந்தார். "மேலிடத்தில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை. இப்போது மதுரையில் தினக்கூலிக்குப் பெயின்ட் அடிக்கிறார்.

"பொய் எழுதியிருந்தால் வேலை கொடுத்திருப்பார்களா சார்?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் நாம் வெட்கப்பட மட்டுமே முடிகிறது.

பெயின்ட் வேலை மட்டமான வேலை அல்ல. உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, சாரத்தில் தொங்கிக்கொண்டு நான்கு மாடிச் சுவரை வழவழவென்று ஆக்குவது கைத்திறமை இல்லாமல் நடக்காது. ஆனால் முகாம் முகாமாகப் பையன்கள் ஏன் பெயின்ட் டப்பாவைத் தூக்குகிறார்கள்? அந்த வேலை ஒன்றுதான் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. காலையில் போனால் மாலையில் கூலி. முகாமில் செக்கிங் என்றால் ஓடி வந்துவிடலாம். பொறியியல் பட்டம் வாங்கியவர், டிப்ளமோ படித்தவர், ஐ.டி.ஐ. முடித்தவர் எல்லோரும் கடைசியில் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள். இதைப் பார்த்து வளரும் பத்தாம் வகுப்புப் பையன், படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் அவனுடைய அம்மா என்ன சொல்வாள்?

மாநில அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார்கள். 7,469 வீடுகள், கூடுதல் பணக்கொடை, கல்வி உதவி, இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்று எல்லாம் அதில் இருந்தது. அகதி என்ற சொல்லையே எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். மனதார வரவேற்றோம். ஆனால் பயிற்சி கொடுப்பவர்களின் கவனம், சான்றிதழைக் கையில் கொடுத்துப் படம் எடுத்ததோடு முடிந்துவிடுகிறது. நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டால் என்ன பிரயோசனம்?

பூட்டு டெல்லியில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் சட்டம் இன்னும் இறுகியது. ஆகவே இருபது வயதுத் தம்பி மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்து, நம் அரசுப் பள்ளியில் நம் பாடநூலைப் படித்து வளர்ந்திருந்தாலும், அப்பாவும் அம்மாவும் கடல் கடந்து வந்தவர்கள் என்பதால் அவர் அந்நியர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு அளித்தது மத்திய உள்துறை. நல்லது. இனி ஜெயிலில் போடமாட்டார்கள். வேலையில் சேர்க்க அந்த உத்தரவு உதவுமா?

ஜெர்மனியைப் பாருங்கள். 2015-இல் மட்டும் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் அடைக்கலம் தேடி அங்கே போனார்கள். அங்கிருக்கும் நம்மவர்கள் அவுஸ்பில்டுங் என்று சொல்லும் தொழிற்கல்வியில் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை. பயிற்சிக் காலத்திலேயே மாதாமாதம் உதவித்தொகை உண்டு. சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த பையன்களை எடுத்துக்கொள்ள பேக்கரிக்காரரும் பிளம்பிங் பட்டறைக்காரரும் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே பயம்தான். மூன்று வருடம் மெனக்கெட்டுத் தொழில் சொல்லிக்கொடுத்த பையனை ஒருநாள் போலீஸ் வந்து விமானத்தில் ஏற்றிவிட்டால்? 2016-இல் அதற்குச் சட்டம் போட்டார்கள். அடைக்கல மனு நிராகரிக்கப்பட்டிருந்தாலும், பயிற்சியில் சேர்ந்துவிட்டால் அந்த மூன்று வருடம் நாடு கடத்தமாட்டார்கள். தேறி அதே தொழிலில் வேலை கிடைத்தால் மேலும் இரண்டு வருடம் தங்கலாம். மூன்று கூட்டல் இரண்டு என்றே அதற்குப் பெயர். பவேரியா போன்ற மாநிலங்களில் அதிகாரிகள் கெடுபிடி செய்தது உண்டு. ஆனாலும் பையனுக்கும் முதலாளிக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது.

அதே ஜெர்மனியில்தான் 1980-களில் போய் இறங்கிய ஈழத்து இளைஞர்களுக்கு நெடுநாள் வேலை அனுமதியே தரவில்லை. பிறகு ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவியே பலருடைய இளமை தீர்ந்தது. அந்த நாடு தன் போக்கை மாற்றிக்கொண்டது. நாம் எப்போது மாற்றிக்கொள்ளப் போகிறோம்?

நமக்கே வழி தெரியாமல் இல்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு நீண்டகால விசா கொடுத்து, வங்கிக் கணக்கு, பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், சுயதொழில் என்று 2016-இல் வாசலைத் திறந்துவிட்டது இதே உள்துறைதான். அவர்களுக்குக் கொடுத்ததில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கோப்பின் நகலை எடுத்து, நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட எத்தனை நாள் ஆகும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், இந்தப் பக்கத்தில் பலமுறை சொன்னதுதான். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு ஏறாதவன் போகிற இடம் என்ற எண்ணம் இந்த நாட்டை விட்டு ஒழிய வேண்டும். ஃபிட்டர் கிடைக்கவில்லை, வெல்டர் கிடைக்கவில்லை என்று மேடைக்கு மேடை புலம்பும் தொழிலதிபர்கள், வாசல்வரை வந்த ஃபிட்டரையும் வெல்டரையும் ஒரு கட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களுடைய பயம் நமக்குப் புரிகிறது: நாளை ஏதாவது விசாரணை வந்தால் யார் பொறுப்பு? அந்தப் பயத்தைப் போக்கும் அதிகாரம் கோட்டையில் இருக்கிறது. முகாம் அடையாள அட்டையும் ஐ.டி.ஐ. சான்றிதழும் வைத்திருப்பவரை வேலைக்கு எடுக்கலாம், அதனால் எந்தத் தொல்லையும் வராது என்று தொழில்துறைச் செயலாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை சிப்காட்டில் உள்ள ஒவ்வொரு கம்பெனிக்கும் போகட்டும். டெல்லி ஒப்புதல் தேவை என்றால் முதல்வர் இந்த வாரமே எழுதிக் கேட்கட்டும். இந்த ஆண்டு ஐ.டி.ஐ. முடிக்கும் முகாம் பிள்ளைகள் தேர்வு எழுதி வெளியே வருவதற்குள் அந்தக் காகிதம் கம்பெனிகளின் மேசையில் இருக்க வேண்டும்.