பழைய பிழையைத் திருத்தலாமா?

வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண், கைப்பேசியில் உள்ள எண்கள் ஆகிய அனைத்தையும் இன்று காத்து வைப்பது தரவுத்தளம் என்னும் மென்பொருளே. அதில் ஒரு பிழை இருப்பது காலங்கடந்து தெரியவந்தால் என்ன செய்வது? திருத்தினால் ஒழுங்கு நிலைக்கும். ஆனால் பழைய முறையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் நின்றுபோகும். திருத்தாவிட்டால் அவை ஓடும். பிழையும் கூடவே வாழும். இவ்விரண்டில் எது நன்று எனச் சற்றே சிந்திப்போம்.

2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் என்பவர் உருவாக்கிய எஸ்.கியூ.லைட், ஆண்ட்ராய்டு, ஐபோன் கைப்பேசிகளில் எல்லாம் குடியிருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கை எண் இல்லாமல் ஒரு மாணவியின் பெயர் ஏறாது அல்லவா? தரவுத்தளத்தில் அத்தகைய அடையாளத்தை முதன்மைச் சாவி என்பர். அது வெறுமையாக இருக்கலாகாது என்பது பொது விதி. தொடக்க காலப் பிழை ஒன்றால், எஸ்.கியூ.லைட் பல அட்டவணைகளில் வெறுமையையும் ஏற்றுக்கொண்டது. பிழை தெரிந்தபோது அதன் கோப்புகள் எங்கும் பரவிவிட்டன. ஆகவே அதனைத் திருத்தாமல் விட்டு, மறைக்காமல் கையேட்டில் எழுதி வைத்தனர். 2021-இல் 'ஸ்ட்ரிக்ட்' என்னும் கண்டிப்பான அட்டவணையைத் தனியே தந்தனர். அதில் இந்தக் குறை இல்லை.

போஸ்ட்கிரெஸ் வேறு வழியில் சென்றது. எழுத்துச் சரங்களில் பின்சாய்கோட்டை அது தன் போக்கில் பொருள்கொண்டு வந்தது. பொது விதிக்கு அது மாறானது. சில ஆண்டுகள் எச்சரிக்கை தந்தபின், 2011-இல் பொது விதியையே இயல்பான முறையாக்கியது. வேண்டுவோர் பழைய முறைக்குத் திரும்பவும் வழி வைத்தது.

"பிழையைக் காப்பது பிழைக்குத் துணை போவதாகாதா?" என்று சிலர் கேட்கலாம். பிழை செய்தவர் ஒருவர். அவரை நம்பி வீடு கட்டியவர் வேறொருவர். நம்பியவர்மேல் தண்டனை விழுவது நீதியன்று. பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று நம் ஆண்டவர் உவமை சொன்னார். பழைய ஆடையை அப்படியே விட்டு, புதிய ஆடையைத் தனியே நெய்வதே அறிவுடைமை.

ஆயினும் எஸ்.கியூ.லைட்டிடம் நமக்கு ஒரு குறை உண்டு. கண்டிப்பான அட்டவணையை நாமே கேட்டுப் பெற வேண்டும். அந்தச் சொல்லை அறியாத புதியவருக்குக் கிடைப்பது பழைய குறையுள்ள அட்டவணைதான். நேற்றையவருக்குக் கொடுத்த வாக்குக்காக, இன்று கற்கத் தொடங்குபவர் பள்ளத்தில் விழலாமா?

ஆகவே நாம் சொல்வது இதுதான்: பழைய கோப்பு பழைய விதிப்படியே திறக்கட்டும், புதிய கோப்பு கேளாமலேயே நல்ல விதியுடன் பிறக்கட்டும், மாற்றம் வருமுன் அறிவிப்பு வரட்டும். தோழியரே, நாளை நம்முள் சிலர் மென்பொருள் எழுதுவோம். அன்று நம்மை நம்பியவரையும் கைவிடோம், நமக்குப்பின் வருபவரையும் மறவோம் என உறுதி கொள்வோமாக!