சீம்லெஸ் என்று சொன்ன ஏடு

எரிவாயுக் குழாய்களுக்குள் ரோபோவை அனுப்பும் ஆராய்ச்சி "பணக்கார நாடுகளின் பொம்மைச் செலவு" என்று சென்ற இதழில் கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அவர் வாதம் மூன்று கால்களில் நிற்கிறது. குழாயின் விவரமெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது; நீரழுத்தச் சோதனை இருக்கவே இருக்கிறது; வாயு ஓடும் குழாய்க்குள் மின்கருவியை விடுவது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிவது. மூன்றும் உளுத்த கால்கள்.

முதலில் பதிவேடு. கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 மாலை, பிஜி அண்ட் இ நிறுவனத்தின் 30 அங்குலக் குழாய் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. 28 அடி நீளக் குழாய்த் துண்டு ஒன்று பிய்ந்து 100 அடி தள்ளி விழுந்தது. வாயுவை நிறுத்தவே 95 நிமிடம் பிடித்தது. நிறுவனத்தின் ஏட்டில் என்ன இருந்தது? அங்கே புதைத்திருப்பது சீம்லெஸ் பைப், அதாவது நெடுக மூட்டே இல்லாத குழாய் என்று இருந்தது. மண்ணுக்குள் இருந்ததோ, ஒவ்வொன்றும் நாலடி சுமாரில் ஆறு துண்டுகளை ஒட்டுப்போட்ட குழாய். வெடிப்பு தொடங்கிய துண்டின் நெடுக்கு மூட்டில் வெளிப்பக்கம் மட்டும் வெல்டிங் வைத்திருந்தார்கள்; உள்பக்கம் வைக்கவே இல்லை. 1956இல் புதைத்தபோதே கண்ணால் பார்த்திருந்தால் அந்தக் குறை தெரிந்திருக்கும் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். 54 ஆண்டுகள் ஒருவரும் பார்க்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டுச் சுரைக்காய் ஒரு தெருவையே எரித்தது.

ஏன் பார்க்கவில்லை? அந்தத் தடத்தில் 'பிக்' ஓட வழியில்லை. பிக் என்பது வாயுவின் அழுத்தமே தள்ளிக்கொண்டு போகும் சோதனைக் கருவி. அது ஓட வேண்டுமானால் குழாயின் விட்டம் சீராக இருக்க வேண்டும், வளைவு கூர்மையாக இருக்கக் கூடாது, வால்வு முழு வாயையும் திறக்க வேண்டும், இரு முனையிலும் ஏற்றி இறக்கக் கூண்டு வேண்டும். பழைய தடங்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. இப்படிப்பட்ட தடங்களுக்காகத்தான் அமெரிக்க எரிசக்தித் துறையும் வடகிழக்கு எரிவாயு சங்கமும் பணம் போட, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'எக்ஸ்ப்ளோரர்' ரோபோ பிறந்தது. ரயில்பெட்டிபோல் கோத்த உடல், குழாய்ச் சுவரில் ஊன்றும் சக்கரக் கால்கள், பேட்டரி. வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கும், வளைவில் திரும்பும், வழி அடைத்தால் வந்த வழியே பின்வாங்கும். பிக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது.

அடுத்து நீரழுத்தச் சோதனை. இதில் அவர் சொல்வது பாதி சரி. சான் புரூனோ குழாயை அப்படிச் சோதித்திருந்தால் குறை வெளிப்பட்டிருக்கும். ஆனால் பழைய குழாய்களுக்கு விதியிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். மேலும், வாயுவை நிறுத்தி, நீரை நிரப்பி, வடித்து, உலர்த்திய பிறகு கிடைக்கும் விடை ஒன்றுதான்: இன்றைக்குத் தாங்கியது. எந்த இடத்தில் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அது சொல்லாது. 2000 ஆகஸ்ட் 19 அன்று நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே ஆற்றோரம் முகாமிட்டிருந்த ஒரே குடும்பத்து உறவினர் 12 பேரைக் கொன்றது, குழாயின் உள்சுவரைத் தின்று அதை வெடிக்க வைத்த அரிப்பு. அந்தப் பகுதியிலும் பிக் ஓட வழியில்லை. "பணக்கார நாடுகள்" என்கிறவருக்கு ஆந்திராவின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் கிராமம் நினைவில்லையா? 2014 ஜூன் 27 விடியற்காலையில் குழாயிலிருந்து கசிந்த வாயு பற்றிக்கொண்டு 20 பேருக்கு மேல் பலியானார்கள். பெயர்தான் நகரம், செத்தவர்கள் கிராமத்து எளிய மக்கள்.

மூன்றாவது, கொள்ளிக்கட்டை. மீத்தேன் காற்றோடு சுமார் 5 முதல் 15 சதவீதம் கலந்தால்தான் பற்றும். குழாய் முழுக்க வாயு, ஆக்சிஜனுக்கு இடமில்லை, பொறி பறந்தாலும் எரிய வழியில்லை. ஆபத்து நுழைவாயிலில் இருக்கிறது. அதனால் ரோபோவை இறக்கும் கூண்டிலுள்ள காற்றை நைட்ரஜன் விட்டு விரட்டிய பிறகே வால்வைத் திறப்பார்கள். பள்ளிக்கூட வேதியியலை மறந்தவர் பொறியாளர்களுக்கு எச்சரிக்கை எழுதுகிறார்!

ரோபோ சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. அது கையாளும், காந்தப்புலத்தை வைத்து அரிப்பைக் கண்டுபிடிக்கும் முறை, நெடுக்கில் ஓடும் மெல்லிய விரிசலைத் தவறவிடக்கூடும். பேட்டரி தீர்வதற்குள் போய்வரும் தூரமும் குறைவு. இன்னும் ஆராய வேண்டும் என்பதற்கு இவை காரணங்கள். கட்டுரையாளரோ மூட்டை கட்டச் சொல்கிறார்.

கடைசியாகச் செலவு. சான் புரூனோவுக்காகக் கலிபோர்னியா ஆணையம் 2015இல் விதித்த தண்டம் 160 கோடி டாலர். எது பொம்மைச் செலவு என்று அவரே கூட்டிக் கழித்துச் சொல்லட்டும். ஏட்டைப் பார்த்து மட்டும் சொல்ல வேண்டாம்.